யாருக்கும் தெரியக்கூடாது!

இதய சிகிச்சையிலும் ஐசியூவிலும் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் திரைக்குப் பின்னால் ஒரு ரவுண்டு

இங்கிலாந்தில் ஒரு கேத் லேப். மேஜையில் படுத்திருப்பவருக்குக் கொஞ்சம் வேகமாக நடந்தாலே நெஞ்சு வலிக்கும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் 70 சதவீதத்துக்கும் மேல் அடைப்பு. கதீட்டர் என்ற மெல்லிய குழாய் உள்ளே போயாயிற்று. மானிட்டரில் துடிப்பு ஓடுகிறது. அவர் காதில் ஒரு பெரிய ஹெட்ஃபோன். அதில் பாட்டு!

நேரம் போவதற்காகப் போட்ட பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அறைக்குள் யாராவது "ஸ்டென்ட் எடுங்க" என்று சொன்னால் அது அவர் காதில் விழக்கூடாது. யாரும் அப்படிச் சொல்லவில்லை என்றால் அதுவும் அவருக்குத் தெரியக்கூடாது. மயக்க மருந்து ஏறி, கூப்பிட்டாலும் எழாத நிலைக்குப் போன பிறகுதான் கணினியில் குலுக்கல் நடக்கும். 'ஸ்டென்ட்' என்று வந்தால், அடைப்பை விரித்துப் பிடிக்கும் அந்தச் சின்ன வலைக்குழாயை வைப்பார்கள். 'பிளாசிபோ', அதாவது போலி சிகிச்சை என்று வந்தால் ஒன்றுமே செய்ய மாட்டார்கள்! அவரைக் குறைந்தது 15 நிமிடம் அதே மேஜையில் மயக்கத்தில் வைத்திருந்து, கதீட்டரை உருவி, வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆய்வுக் கட்டுரை ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் புரட்டுவது 'மெத்தட்ஸ்' பகுதியைத்தான். முடிவு எங்கேயும் ஓடிப் போகாது. ஆனால் எப்படிச் செய்தார்கள் என்ற கதை அந்தப் பொடி எழுத்துப் பத்திகளில்தான் இருக்கிறது. ஹெட்ஃபோன், அட்டைப்பெட்டி, நள்ளிரவு டெலிபோன், ராசி பலன் என்று அங்கே கிடைக்கும் சரக்கைப் பார்த்தால் யாருக்கும் கண் விரியும். வாருங்கள், உள்ளே போவோம்!

ஆறு வாரம் காத்த ரகசியம்

மேலே சொன்ன ஆய்வின் பெயர் ஆர்பிட்டா. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ரஷா அல்-லாமி, டேரல் பிரான்சிஸ், ஜஸ்டின் டேவிஸ் ஆகியோரின் குழு நடத்தியது. 2017 நவம்பரில் லான்செட் இதழில் வந்தது.

ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் ஜூரிக் நகரில் இதயக் குழாய் அடைப்பை முதன்முதலாகப் பலூனால் விரித்தது (ஆஞ்சியோபிளாஸ்டி) 1977-ல். அதன்பின் உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு அது நடந்தது. மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் குழாயைத் திறப்பது உயிர் காக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாரடைப்பு இல்லாமல், நடந்தால் வலி, உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஸ்டென்ட் வைத்ததும் வலி குறைகிறதே, அந்த நிம்மதியில் ஸ்டென்டின் பங்கு எவ்வளவு? 'சரி பண்ணிட்டாங்க' என்ற நம்பிக்கையின் பங்கு எவ்வளவு? போலி சிகிச்சையோடு ஒப்பிட்டு இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க 40 ஆண்டுகள் ஆயின!

சோதித்த விதத்தைப் பாருங்கள். முதல் ஆறு வாரம் எல்லோருக்கும் மாத்திரை மட்டும். டாக்டர்களே வாரத்துக்கு ஒன்று முதல் மூன்று முறை போன் செய்து, "வலி எப்படி இருக்கு? மாத்திரை ஒத்துக்குதா?" என்று கேட்டு, மருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தார்கள். பிறகு டிரெட்மில். பிறகு கேத் லேப், ஹெட்ஃபோன், குலுக்கல். 200 பேரில் 105 பேருக்கு ஸ்டென்ட். 95 பேருக்குப் போலி சிகிச்சை.

கேத் லேப்பில் இருந்தவர்களுக்கு உண்மை தெரியும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அந்த அறையின் கதவோடு ரகசியம் நின்றுவிட வேண்டும். வார்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்குச் சொல்லக்கூடாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் நிறுத்திப் பார்ப்பவருக்கும் சொல்லக்கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ரத்தம் உறையாமைக்கான இரண்டு மாத்திரைகளை இரண்டு அணியினருமே சாப்பிட்டார்கள். இல்லாவிட்டால் மாத்திரைச் சீட்டே ரகசியத்தை உளறிவிடுமே!

நான் துள்ளிக் குதித்த இடம் ஒன்று உண்டு. ரகசியம் உண்மையிலேயே காப்பாற்றப்பட்டதா என்றும் அவர்கள் அளந்தார்கள். "உங்களுக்கு எது நடந்ததென்று நினைக்கிறீர்கள்?" என்று நோயாளிகளையும் மருத்துவ ஊழியர்களையும் ஊகிக்கச் சொல்லி, அந்த ஊகங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கண்ணாமூச்சி ஆட்டத்தில் கண்ணைக் கட்டியவரிடம் 'இது எத்தனை விரல்?' என்று காட்டிச் சோதிப்போமே, அதையே புள்ளியியலாகச் செய்திருக்கிறார்கள்!

முடிவு? டிரெட்மில்லில் நடக்கும் நேரம் ஸ்டென்ட் அணிக்கு 28.4 விநாடி கூடியிருந்தது. போலி சிகிச்சை அணிக்கும் 11.8 விநாடி கூடியிருந்தது. இடைவெளி 16.6 விநாடி. தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் அது. இதய மருத்துவ உலகமே அதிர்ந்தது.

தோலை மட்டும் கீறிய காலம்

ஆர்பிட்டாவுக்கு ஒரு முப்பாட்டன் உண்டு. 1950-களில் நெஞ்சு வலிக்கு ஓர் அறுவை சிகிச்சை அமெரிக்காவில் பிரபலம். மார்புச் சுவரின் உள்பக்கம் ஓடும் ஒரு தமனியைக் கட்டிவிட்டால், ரத்தம் வேறு வழியாக இதயத்துக்குப் பாயும் என்பது நம்பிக்கை. செய்துகொண்டவர்கள் பலரும் வலி குறைந்ததாகச் சொன்னார்கள்.

சியாட்டிலில் லியோனார்ட் காப் என்ற மருத்துவரும் சகாக்களும் இதைச் சோதித்தார்கள். மொத்தம் 17 நோயாளிகள். எல்லோருக்கும் மார்பில் கீறல் போட்டார்கள். 8 பேருக்குத் தமனியைக் கட்டினார்கள். 9 பேருக்குக் கீறலோடு நிறுத்தித் தையல் போட்டுவிட்டார்கள். கட்டியவர்களுக்கு எவ்வளவு நிம்மதியோ, கீறியவர்களுக்கும் அவ்வளவு நிம்மதி! 1959-ல் அந்த முடிவு வெளியானது. கான்சஸ் நகரில் நடந்த இன்னொரு ஆய்வும் அதையே சொன்னது. கொஞ்ச காலத்தில் அந்த அறுவை சிகிச்சையே வழக்கொழிந்துபோனது.

அன்று அந்த நோயாளிகளிடம் இப்படி ஒரு மறைப்பு இருக்கிறது என்று சொல்லவே இல்லை. இன்று அப்படிச் செய்தால் அது குற்றம். ஆர்பிட்டாவில் சேர்ந்த ஒவ்வொருவரும் தனக்குப் போலி சிகிச்சை கிடைக்கலாம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார்கள். தெரிந்தும் படுத்தார்களே, அந்த மனசுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்!

பாட்டிலுக்கு முகமூடி

இனி ஐசியூவுக்குப் போவோம். அங்கே படுத்திருப்பவர்களில் பலர் நினைவில்லாமல் இருப்பார்கள். ஹெட்ஃபோனுக்கு வேலை இல்லை. ஆனால் தலைமாட்டில் நிற்கும் நர்ஸுக்கும் டாக்டருக்கும் கண் இருக்கிறதே!

ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு உடனே திரவம் ஏற்ற வேண்டும். எதை ஏற்றுவது? ஒன்று சலைன், அதாவது உப்புத் தண்ணீர், விலை மலிவு. இன்னொன்று ஆல்புமின், மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம், விலை அதிகம். 1998-ல் காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் குழு ஒன்று பழைய சின்னச் சின்ன ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஆல்புமின் ஏற்றிய 17 பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக இறந்திருக்கிறார் என்று எழுதியது. உலகம் முழுக்க ஐசியூக்களில் பதற்றம். ஆல்புமின் நல்லதா, விஷமா?

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 16 ஐசியூக்கள் சேர்ந்து களத்தில் இறங்கின. ஆய்வின் பெயர் சேஃப். இங்கேதான் சிக்கல். ஆல்புமின் லேசான மஞ்சள் நிறம், குலுக்கினால் நுரைக்கும். சலைன் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் குட்டு உடைந்துவிடும். என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டையும் ஒரே மாதிரியான 500 மில்லி பாட்டில்களில் நிரப்பினார்கள். பாட்டிலை முழுசாக மூடும் அட்டைப்பெட்டியைத் தனியாக வடிவமைத்தார்கள். பாட்டிலை மூடினால் போதுமா? டியூபில் மஞ்சள் தெரியுமே! அதனால் திரவம் இறங்கும் டிரிப் செட்டையும் இதற்கென்றே தனியாகத் தயாரிக்கச் செய்தார்கள். அதோடும் விடவில்லை. நோயாளிகளைச் சேர்ப்பதற்கு முன்னால், இந்த மறைப்பு நிஜமாகவே கண்ணை ஏமாற்றுகிறதா என்று பார்க்க ஒரு தனி ஆய்வே நடத்தினார்கள்!

2001-ல் தொடங்கி 2003 வரை 6,997 நோயாளிகள். 28 நாள் முடிவில் ஆல்புமின் அணியில் இறந்தவர்கள் 726 பேர். சலைன் அணியில் 729 பேர். மூன்றே பேர் வித்தியாசம்! அந்த எண்களை முதல் தடவை பார்த்தபோது நான் கட்டுரையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். இத்தனை ஆயிரம் பேர், இத்தனை அட்டைப்பெட்டி, இத்தனை நர்ஸுகளின் இரவுகள். அவ்வளவும் சேர்ந்து, உலகத்தை ஆட்டிய ஒரு பயத்தை அடக்கிவிட்டன. பொதுவாக ஐசியூ நோயாளிகளுக்கு மலிவான சலைனே போதும் என்ற தெம்பும் டாக்டர்களுக்கு வந்தது. தலையில் பலத்த அடிபட்டவர்களை மட்டும் பின்னர் தனியாகத் தொடர்ந்து பார்த்து, அவர்களுக்கு ஆல்புமின் நல்லதில்லை என்று 2007-ல் அதே குழு எழுதியது. பெரிய கேள்விக்குப் பதில் கிடைத்த கையோடு சின்னக் கேள்வியையும் விடாமல் துரத்துகிறார்கள் பாருங்கள்!

ஓடும் ஆம்புலன்ஸில் ஓர் ஊசி

இதயம் நின்று தெருவில் விழுந்தவருக்கு அட்ரினலின் ஊசி போடுவது பல பத்தாண்டுப் பழக்கம். அது உண்மையில் நன்மை செய்கிறதா என்று கேட்கவே துணிச்சல் வேண்டும். இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் கேவின் பெர்கின்ஸ் தலைமையிலான குழு கேட்டது. ஆய்வின் பெயர் பாராமெடிக்-2.

ஐந்து ஆம்புலன்ஸ் சேவைகளின் வண்டிகளில் எண் மட்டும் போட்ட பெட்டிகள் ஏறின. ஒவ்வொன்றிலும் மருந்து நிரப்பித் தயாராக வைத்த 10 சிரிஞ்சுகள். சில பெட்டிகளில் அட்ரினலின், சிலவற்றில் சலைன். வெளியே எந்த அடையாளமும் இல்லை. நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் பாராமெடிக் கையை நீட்டி எடுக்கும் பெட்டியே குலுக்கல்!

இதயம் நின்றவரிடம் சம்மதம் கேட்க முடியாது. அதனால் ஆய்வைப் பற்றி ஊருக்கே முன்கூட்டி அறிவித்தார்கள். 'எனக்கு வேண்டாம்' என்று நினைப்பவர்கள் கேட்டு வாங்கிக் கையில் மாட்டிக்கொள்ள ஒரு காப்பு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தால் பாராமெடிக் ஆய்வுப் பெட்டியைத் தொடமாட்டார்.

8,014 பேர். 2018-ல் முடிவு வந்தது. 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் அணியில் 3.2 சதவீதம், சலைன் அணியில் 2.4 சதவீதம். ஊசி உயிரைக் கொஞ்சம் கூடுதலாகக் காப்பாற்றுகிறது. ஆனால் பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் அணியில் 31 சதவீதம், சலைன் அணியில் 17.8 சதவீதம். எந்த மாதிரிப் பிழைப்பு நமக்கு வேண்டும் என்று ஒரு சமூகமே உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி இது. அந்தக் கேள்வியை எண்ணோடு நம் முன்னால் வைத்தார்களே, அதற்காகவே அந்தப் பெட்டிகளைக் கும்பிடலாம்.

எக்ஸ், ஒய் என்று இரண்டு பத்தி

எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டால் ஆபத்து வந்தால் யார் பார்ப்பது? அதற்கென்று ஒரு கண்காணிப்புக் குழு தனியாக உண்டு. ஆய்வை நடத்துபவர்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவ்வப்போது எண்களைப் பார்ப்பார்கள்.

1980-களின் கடைசியில் அமெரிக்காவில் நடந்த காஸ்ட் என்ற ஆய்வில் அந்தக் குழுவே தன் கண்ணையும் கட்டிக்கொண்டது! மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்குத் துடிப்பில் ஒழுங்கின்மை இருந்தால், அதை அடக்கும் மாத்திரை உயிரைக் காக்கும் என்று அன்று டாக்டர்கள் உறுதியாக நம்பினார்கள். குழுவின் முன் வந்த அட்டவணையில் 'எக்ஸ்', 'ஒய்' என்று இரண்டே பத்திகள். எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று அவர்களுக்கும் தெரியாது. ஒரு பத்தியில் சாவு ஏறிக்கொண்டே போனது. 1989 ஏப்ரலில் திரையை விலக்கினார்கள். சாவு ஏறிய பத்திதான் மருந்து!

என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு என்ற அந்த மருந்துகளைச் சாப்பிட்ட 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 725 பேரில் இறந்தவர்கள் 22 பேர். உடனே நிறுத்தச் சொன்னார்கள். ஈசிஜியில் துடிப்பு அழகாகத் தெரிந்தது, ஆள் போய்விட்டார். நல்ல எண்ணத்தோடு எழுதிக்கொடுத்த மருந்து அது. இந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேருக்கு எழுதிக்கொடுத்திருப்பார்களோ!

மிதுனம், துலாம் ஜாக்கிரதை

இப்போது எனக்கு மிகப் பிடித்த கதை! ஐசிஸ்-2. ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் பீட்டோ, ரோரி காலின்ஸ், பீட்டர் ஸ்லெய்ட் ஆகியோர் நடத்திய ஆய்வு, 1988-ல் வெளிவந்தது. 417 மருத்துவமனைகள், மாரடைப்பு என்று சந்தேகப்பட்டுச் சேர்க்கப்பட்ட 17,187 பேர். சிலருக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், சிலருக்கு ஆஸ்பிரின், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமே போலி.

குலுக்கல் எப்படி? டெலிபோன்! இரவோ பகலோ, நோயாளி வந்ததும் டாக்டர் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன் போட்டு விவரம் சொல்வார். அங்கிருந்து எந்த எண் மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும் என்று பதில் வரும். ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? குலுக்கல் சீட்டை உறையில் போட்டு மருத்துவமனையிலேயே வைத்தால், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிடுகிறார்கள்! 'இவருக்கு நல்ல மருந்து கிடைக்கட்டுமே' என்ற பரிவில்கூட ஆய்வு கெட்டுப்போகும்.

முடிவு பிரமாதம். ஐந்து வாரத்தில் இதயம், ரத்தக் குழாய் காரணமாக இறந்தவர்கள் இரண்டும் போலியாகப் பெற்றவர்களில் 13.2 சதவீதம். இரண்டு மருந்தும் பெற்றவர்களில் 8 சதவீதம்! நெஞ்சு வலி என்று ஓடினால் ஆஸ்பிரினைக் கடித்து மெல்லச் சொல்கிறார்களே, அந்த வழக்கத்துக்கு அஸ்திவாரம் இந்த ஆய்வு. இதிலும் முதல் மாத்திரையை நசுக்கியோ, சப்பியோ, மென்றோ சாப்பிடச் சொன்னார்கள்.

கட்டுரையை வெளியிடும் நேரத்தில், வயதானவர்களுக்கு எப்படி, பெண்களுக்கு எப்படி என்று துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டச் சொல்லி இதழாசிரியர்கள் கேட்டார்கள். துண்டு போட்டால் தற்செயல் புகுந்து விளையாடும் என்று பீட்டோவுக்குத் தெரியும். அதை நிரூபிக்க, நோயாளிகளைப் பிறந்த தேதிப்படி ராசிவாரியாகவும் பிரித்து அச்சிட்டார்! மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் கொஞ்சம் கெடுதல் செய்வதுபோல் வந்தது. மற்ற பத்து ராசிகளுக்கும் சேர்த்து மரணத்தை 28 சதவீதம் குறைத்தது. 'மிதுன ராசியா? ஆஸ்பிரின் வேண்டாம்' என்று எந்த டாக்டராவது சொல்வாரா? உலகத்தின் மிக மதிப்புள்ள மருத்துவ இதழ்களில் ஒன்றில் ராசிக் கணக்கு ஏறியது அறிவியலைக் காப்பாற்றத்தான். இனி 'இந்த வகை ஆட்களுக்கு மட்டும் வேலை செய்கிறது' என்ற செய்தியைப் பார்த்தால் மிதுனத்தையும் துலாமையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே குழு, மறுபடியும்

ஆர்பிட்டாவில் ஸ்டென்ட் தோற்றது போலத் தெரிந்ததே, அந்தக் குழு அதோடு மார்தட்டி உட்கார்ந்துவிட்டதா? இல்லை. முதல் ஆய்வில் எல்லோரும் நெஞ்சு வலி மாத்திரைகளை நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாத்திரையே இல்லாவிட்டால்? தன் முடிவைத் தானே மறுபடி சோதிக்க அதே அல்-லாமி ஆர்பிட்டா-2 நடத்தினார். 14 மையங்கள், 301 நோயாளிகள், நெஞ்சு வலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு, மறுபடியும் ஹெட்ஃபோன், மறுபடியும் குலுக்கல். இந்தத் தடவை நோயாளிகள் தினமும் போனில் ஓர் ஆப் வழியாக வலியைப் பதிவுசெய்தார்கள்.

2023-ல் முடிவு. 12 வாரத்தில் வலியே இல்லாமல் போனவர்கள் ஸ்டென்ட் அணியில் 40 சதவீதம், போலி சிகிச்சை அணியில் 15 சதவீதம். டிரெட்மில்லில் ஏறத்தாழ ஒரு நிமிடம் கூடுதல். ஸ்டென்ட் வேலை செய்கிறது! ஆனால் எல்லோருக்கும் வலியை முழுசாகப் போக்குவதில்லை. இப்போது ஒரு டாக்டர் தன் நோயாளியிடம், "மாத்திரையில் சமாளிக்கலாம், அல்லது ஸ்டென்ட் வைக்கலாம், இரண்டிலும் இவ்வளவு எதிர்பார்க்கலாம்" என்று கையில் எண்ணோடு பேச முடியும். அந்தப் பேச்சுக்கு விலையாக 500 பேர் தங்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் வாரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

உங்களிடமோ உங்கள் வீட்டாரிடமோ ஒரு நாள் ஒரு டாக்டர் வந்து, "ஓர் ஆய்வு நடக்குது, சேர்ந்துக்கிறீங்களா?" என்று கேட்கலாம். பயப்பட வேண்டாம், கேள்வி கேளுங்கள். நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு எண் என்ன? 2009-லிருந்து அது கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். குலுக்கலில் எனக்கு எது எது வரலாம்? நடுவில் விலகினால் என் சிகிச்சை பாதிக்குமா? பாதிக்கக் கூடாது என்பது விதி. பதில்கள் திருப்தி இல்லையென்றால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். திருப்தியாக இருந்தால் சந்தோஷமாகச் சேருங்கள்! மென்று தின்ற ஒரு மாத்திரை நம்மைக் காப்பாற்றுகிறது என்றால், யாரோ 17,187 பேர் நமக்கு முன்னால் ஓர் ஆய்வில் இருந்ததால்தான்.